ஆறுமணிக் குருவியும் அதன் முன்னால் நின்ற குச்சியும்

மதுரையில் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். கிடைத்த பதில்கள் எல்லாம் லென்ஸ் பெயர்களாகவும் விலைகளாகவும் இருந்தன. பறவைக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற கிளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கிளையோடு மல்லுக்கட்டியே எனக்கு ஒரு பருவம் முழுதும் போனது. கையிருப்பும் கடனுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயும் போனது. அதில் பாதியாவது அடுத்தவருக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேமரா பற்றிய விஷயங்கள் நடுநடுவே வரும். பொறுமையாகப் படியுங்கள், பின்னால் உதவும்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிறு மட்டும்தான் எனக்குச் சொந்தம். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது பழைய கேமராவும் ஒரு 70-300 (மி.மீ.) லென்ஸும். இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். வண்டியூர்க் கண்மாய், சாமநத்தம் கண்மாய் இரண்டுக்கும் மாறி மாறிப் போவேன். நத்தைகுத்தி நாரை, நெடுங்கால் உள்ளான், கொக்கு என்று எல்லாம் தண்ணீரிலோ சேற்றிலோ நிற்கும். பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் வானம். நடுவில் மறைக்க ஒன்றும் கிடையாது. படம் சுத்தமாக விழும். வீட்டில் காட்டினால் பாராட்டு கிடைக்கும். பறவைப் படம் எடுப்பது இவ்வளவு எளிதா என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் ஆறுமணிக் குருவி வந்தது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து இலங்கை வரை இறங்கும் பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும், அதனால் இந்தப் பெயர். முதுகில் பச்சை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு அது புதருக்குள் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். அழகர்மலை அடிவாரத்தில் ஒரு காலையில் அதன் குரலைக் கேட்டு, சாலை ஓரமாகவே குனிந்து குனிந்து தேடி, கடைசியில் பார்த்தும்விட்டேன். எடுத்த படத்தை கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவைக்கு ஒரு முழம் முன்னால் இருந்த குச்சி அப்படியே தெரிந்தது. பட்டையின் வெடிப்பு, முள், அந்த முள்ளின் மேல் ஊர்ந்த கட்டெறும்பின் கால் வரைக்கும் துல்லியம். அதற்குப் பின்னால் பச்சையும் பழுப்புமாக ஏதோ கலங்கிக் கிடந்தது. அதுதான் ஆறுமணிக் குருவி.

அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கதைதான். பறவை இருக்கும், குச்சியும் இருக்கும், கேமரா குச்சியைத்தான் பிடிக்கும். ஒருமுறை பறவை சருகை விட்டுக் கிளைக்கு ஏறி நன்றாக உட்கார்ந்தது. அன்றைக்கு அதன் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கொடி. அழுகை வராத குறை. பக்கத்தில் பகிர்ந்துகொள்ளக்கூட ஆள் கிடையாது. வீட்டில் "என்னங்க, குருவி கிடைச்சுச்சா?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். பாவம், அவள் அக்கறையாகத்தான் கேட்டாள்.

லென்ஸ் சின்னது, அதுதான் பிரச்சினை என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிய லென்ஸ் போட்டால் பின்னணி கரைந்துவிடும், கிளையெல்லாம் காணாமல் போய்விடும் என்றார்கள். மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, செகண்ட்ஹேண்டில் ஒரு 150-600 லென்ஸ் வாங்கினேன். விலை 68,000 ரூபாய். தூக்கினால் இரண்டு கிலோவைத் தொடும். அதை மாட்டிக்கொண்டு அழகர்கோவில் சாலையில் நடக்கும்போது கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. மலைப்பாதைக் குரங்குகள் மட்டும் ஒதுங்கவில்லை. லென்ஸ் மூடியை ஒன்று பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது. அழகர்கோவில் பக்கம் போகிறவர்கள் பை ஜிப்பைப் பூட்டியே வைத்திருங்கள், கையில் தின்பண்டம் வேண்டாம்.

இங்கேதான் யாரும் சொல்லாத விஷயம் இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் போடுகிறேன். என்னுடையது போன்ற கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில், 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-ல் (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு) வைத்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரிகிற இடம், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். 600 மி.மீ.-ஐ எஃப் 6.3-ல் வைத்து அதே 10 மீட்டரில் எடுத்தால் ஆழம் 7 சென்டிமீட்டர்தான். கிளைகள் கரைவது நிஜம்தான். ஆனால் பெரிய லென்ஸ் கைக்கு வந்ததும் நாம் என்ன செய்வோம்? கிட்டே போக மாட்டோம். தூரத்திலிருந்தே எடுக்கலாமே என்று 20 மீட்டரில் நின்றுவிடுவோம். 20 மீட்டரில் அந்த 600 மி.மீ. தருகிற ஆழம் சுமார் 28 சென்டிமீட்டர். பறவையின் அளவு படத்தில் பழைய லென்ஸில் 10 மீட்டரில் வந்த அதே அளவு. ஆழமும் ஏறக்குறைய அதேதான். நடுவில் இருக்கும் புதர் மட்டும் இரண்டு மடங்கு. பத்து மீட்டரில் மூன்று குச்சி குறுக்கே வந்தால், இருபது மீட்டரில் ஆறு வரும். 68,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது கூடுதல் குச்சிகளைத்தான். தூரம் இரண்டு மடங்கானால் ஆழம் நான்கு மடங்காகும் என்ற இந்த ஒரு வரியைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

புது லென்ஸிலும் குச்சி மட்டுமே தெளிவாக விழுந்ததால், லென்ஸில்தான் கோளாறு என்ற முடிவுக்கு வந்தேன். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு கூரியரில் அனுப்பினேன். "ஃபிரண்ட் ஃபோகஸ் ஆகுது சார், காலிப்ரேட் பண்ணணும்" என்றார்கள். குறிவைத்த இடத்துக்கு முன்னால் தெளிவு விழுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று பொருள். கூரியரும் சேர்த்து 5,800 ரூபாய். லென்ஸ் திரும்பி வரத் தை மாதம் முடிந்துவிட்டது. அந்த வாரங்களில்தான் ஆறுமணிக் குருவி கோயில் சாலை ஓரத்திலேயே வெளியில் வந்து மேய்ந்தது என்று வேறொருவர் படம் போட்டுக் காட்டினார். திரும்பி வந்த லென்ஸ் அனுப்பும் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நீங்கள் யாரும் சர்வீஸுக்கு அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள். சுவரில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை ஒட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், கேமராவை அசையாமல் ஏதாவது மேல் வைத்து, நேர் எதிரே நின்று, நடுப் புள்ளியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். பொடி எழுத்து படிக்கிற மாதிரி விழுந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஐந்தாறு பாட்டில்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வாக அடுக்கி, நடு பாட்டிலில் ஃபோகஸ் வையுங்கள். நடு பாட்டிலை விட்டு முன்னாலோ பின்னாலோ உள்ளது தெளிவாக விழுந்தால்தான் கோளாறு. செலவு ஒன்றும் கிடையாது. இந்தச் சோதனையை நான் லென்ஸ் திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். லென்ஸ் முழுத் தேர்ச்சி.

லென்ஸ் கனமாக இருக்கிறது, கை ஆடுகிறது, அதனால் ஃபோகஸ் நழுவுகிறது என்று இன்னொரு யோசனை வந்தது. டிரைபாடும் மேலே சுழலும் கிம்பலுமாக 16,500 ரூபாய். கண்மாயில் நீர்ப்பறவைக்கு அது நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். புதருக்குள் இருக்கும் பறவைக்கு அது கால்கட்டு. குச்சியை விலக்க ஒரே வழி நாம் அரையடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்வதுதான். மூன்று காலையும் தூக்கி, விரித்து, மட்டம் பார்த்து வைப்பதற்குள் பறவை அடுத்த ஊருக்குப் போய்விடும். காட்டுக்கும் தோப்புக்கும் ஒற்றைக் கால் மோனோபாட் போதும். அதுவும் இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்து, கால் பங்கு காலியாக விட்டு அரிசியை நிரப்பிக்கொள்ளுங்கள். பாறை மேலும் கண்மாய் மதகு மேலும் பைக் சீட் மேலும் அது அமைதியாக உட்கார்ந்துகொள்ளும்.

சித்திரையோடு ஆறுமணிக் குருவி வடக்கே போய்விட்டது. என்னிடம் இருந்தது குச்சிகளின் தொகுப்பு. இந்த நிலையில்தான் பறவை காட்டுகிற ஒரு ஆளைத் தெரிந்தவர் ஒருவர் அறிமுகம் செய்துவைத்தார். பறவை இருக்கிற இடத்துக்கு நேராகக் கூட்டிப்போவார், மறைப்பே இல்லாமல் எடுக்கலாம், 3,000 ரூபாய். நான் போனேன். ஆனி மாதம், மேலூர்ப் பக்கம் ஒரு தோப்பு. வேலியோரப் புதரில், கிளைக் கவட்டில், சிலந்தி நூலால் இழுத்துக் கட்டிய சின்னக் கிண்ணமாக ஒரு மாம்பழச்சிட்டின் கூடு. தாய் உட்கார்ந்திருந்தது. அந்த ஆள் இடுப்பிலிருந்து அருவாளை எடுத்து, நான் என்ன என்று கேட்பதற்குள், கூட்டை மறைத்திருந்த கொப்புகளை நான்கைந்து வெட்டில் கீழே போட்டார். "இப்பப் பாருங்க சார், கிளியரா விழும்." தாய்ப்பறவை பறந்து போய்க் கத்தியது. கொஞ்சநேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது. அதுவரை நிழலில் இருந்த கூட்டின் மேல் இப்போது நேர் வெயில். பறவை வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, முட்டையின் மேல் இறக்கையைத் தூக்கி நிழல் செய்தது. தென்னை மட்டையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அதையே பார்த்தது. எனக்குக் கை எழவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, வெட்டிப்போட்ட கொப்புகளை எடுத்து முடிந்தவரை கூட்டின் மேல் பக்கமாகச் செருகிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு தனியாகப் போய்த் தள்ளி நின்று பார்த்தேன். செருகிய இலையெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. கூடு காலி.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்குச் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சொல்லப்படும் பொருளுக்குள்ளேயே, காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி வேண்டியதில்லை, அருவாள் போதும். "மறைப்பே இல்லாமல்" என்று யாராவது பேரம் பேசினால், அந்த மறைப்பு என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். கூடு என்ற சொல் வந்தாலே கும்பிடு போட்டுவிடுங்கள். கூடு கட்டாத காலத்தில்கூடக் கிளையை ஒடிக்க வேண்டாம். பறவை அந்தக் கிளையைத் தேர்ந்தெடுப்பதே அது மறைப்பதால்தான். ஒடித்துவிட்டால் நாளைக்கு அங்கே வராது.

கம்ப்யூட்டரில் கிளையை அழித்துத் தருகிறேன் என்றும் ஒரு ஸ்டுடியோவில் சொன்னார்கள். ஒரு படத்துக்கு 400 ரூபாய். மூன்று படம் கொடுத்துப் பார்த்தேன். குச்சி போயிருந்தது. ஆனால் ஒரு படத்தில் பறவையின் மார்பின் மேல் அந்தக் குச்சியின் நிழல் மட்டும் குறுக்காகக் கிடந்தது. இன்னொன்றில் கால் நகம் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போதுள்ள மென்பொருள்கள் இதைவிடச் சுத்தமாகச் செய்யும்தான். வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் விருப்பம். இயற்கைப் புகைப்படப் போட்டிகளில் பெரும்பாலும் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று விதி இருக்கும், ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை) கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள். அந்த எண்ணம் இருந்தால் அழிப்பான் பக்கம் போகாதீர்கள்.

திரும்ப ஒழுங்காக எடுக்க ஆரம்பித்தது ஒரு கண்மாய்க்கரையில். எந்தத் திட்டமும் இல்லாமல் சும்மா கரை மேல் நடந்து போனபோது, கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களின் தலை என் கண்மட்டத்துக்கு இருப்பதைப் பார்த்தேன். இத்தனை நாளும் மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் கிளை, அதற்குப் பின்னால் கிளை, சந்துகளில் வெள்ளையாக வானம். கரை மேலிருந்து எடுத்தால் மர உச்சியில் உட்கார்ந்த பறவைக்குப் பின்னால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற வயல். அந்தத் தூரத்துக்குப் பழைய 300 லென்ஸிலும் பின்னணி ஒரே பச்சையாக இழைந்துவிடும். பறவைக்கும் பின்னணிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பின்னணியைக் கரைக்கிறது. நம் ஊர்க் கண்மாய்க்கரைகளைப் போல இதற்கு வசதியான மேடை வேறு கிடைக்காது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்களும் கரையிலிருந்தே பாருங்கள். அங்கே பறவைகள் கூடு கட்டுவதால் கிட்டே இறங்க வேண்டாம். பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காதவர்கள்.

அதே கரையில் ஆடு மேய்க்கிற ஒரு அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற? அது அந்தக் காஞ்ச கொப்புலதான் வந்து உக்காரும். செத்த உக்காரு." பஞ்சுருட்டானைச் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே அது பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கொப்புக்கு வந்து, கொப்பில் அடித்துத் தின்றது. பஞ்சுருட்டான், கரிச்சான், பனங்காடை, மீன்கொத்தி எல்லாம் இந்தச் சாதி. உட்கார்ந்து பார்க்க ஒரு மொட்டைக் கொப்பு வேண்டும், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். பறவை இல்லாத நேரத்தில் அந்தக் கொப்பைப் பாருங்கள். எங்கே நின்றால் முன்னாலும் பின்னாலும் குறுக்கே எதுவும் வராது என்று நிதானமாக இடம் பிடித்து, ஃபோகஸையும் அந்தக் கொப்பில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு போல இலைக்குள் புழு பொறுக்குகிற பறவைகளைத் துரத்தி முதல் வருடத்தை வீணாக்க வேண்டாம்.

நகர்வது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாக் குச்சியும் ஒரே அளவு எதிரி அல்ல. பறவைக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற குச்சி கோடாக விழும், அதிலிருந்து தப்ப நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். உங்கள் லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற குச்சி அநேகமாக மறைந்தே போகும். 600 மி.மீ. லென்ஸ் எஃப் 6.3-ல் திறந்திருக்கும்போது ஒளி நுழைகிற வட்டம் 95 மில்லிமீட்டர் அகலம். பென்சில் பருமன் குச்சியால் அதை அடைக்க முடியாது, ஒளி இரண்டு பக்கமும் சுற்றி உள்ளே வந்துவிடும். படம் கொஞ்சம் வெளுத்தாற்போல இருக்கும், அவ்வளவுதான். அதனால் நடுவில் புதர் இருந்தால் பின்வாங்காதீர்கள். மெதுவாகப் புதரை ஒட்டிப் போய், லென்ஸை இலைக்கு நெருக்கமாக வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுக்கத் திறந்து, ஊடாக எடுங்கள். புதரே உங்களை மறைக்கவும் செய்யும். இது தெரிந்த அன்றைக்குத்தான் பெரிய லென்ஸ் வாங்கியதில் எனக்கு முதல்முறையாக ஒரு சந்தோஷம்.

கேமரா அமைப்பில் மூன்றே விஷயம். ஆட்டோ ஃபோகஸைப் பல புள்ளிகளில் விட்டால் அது பெரும்பாலும் கிட்டே இருக்கிற பொருளைத்தான் பிடிக்கும், குச்சிக்குத்தான் அது லாபம். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக் கண்ணில் வையுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும். ஆனால் கண்ணுக்குக் குறுக்கே குச்சி வந்தால் அவையும் தடுமாறும். இரண்டாவது, பெரிய லென்ஸ்களில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு பொத்தான் பக்கவாட்டில் இருக்கும். என்னுடையதில் பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைக்கலாம். பறவை தள்ளி இருக்கும்போது அப்படி வைத்தால் முன் புதரை அது கண்டுகொள்ளாது. மூன்றாவது, ஃபோகஸ் குச்சிக்குப் போய்ச் சிக்கிக்கொண்டால் விரலை எடுத்து எடுத்து அழுத்திப் பயனில்லை. கையால் வளையத்தைத் திருப்பிப் பறவையைத் தோராயமாகத் தெளிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். வளையம் அப்போது நிற்கிற தூரத்துக்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் அது முதலில் தேடும்.

நேரமும் காலமும் பாதி வேலையைச் செய்யும். காலை எட்டரைக்கு மேல் நம் ஊர் வெயிலில் இலைச் சந்துகளெல்லாம் வெள்ளை வட்டங்களாக விழுந்து படத்தைக் கெடுக்கும். இன்னும் போகப் போகத் தரையிலிருந்து கிளம்பும் கானல் தூரத்துப் பறவையைக் குழப்பிவிடும், எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. மேகமூட்டமான நாள் வந்தால் விடாதீர்கள். தை, மாசியில் கல்யாண முருங்கையும் இலவமும் இலை உதிர்த்துவிட்டுப் பூத்து நிற்கும். மைனா, கரிச்சான், சோளப்பட்சி எல்லாம் தேனுக்கு வரும். பறவை உண்டு, பூ உண்டு, இலை கிடையாது. கிளையே வேண்டாம் என்றால் பாறைக்குப் போங்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் லகர் வல்லூறும் ராசாளியும் இருக்கின்றன. மொட்டைப் பாறை விளிம்பில் வந்து உட்காரும். டங்ஸ்டன் சுரங்கத்துக்கென்று 2024-ல் ஏலம் விட்டு, சுற்றுவட்டார மக்கள் போராடி, 2025 ஜனவரியில் ரத்தான அதே மலைகள்தான். ஊர்க்காரர்கள் பறவை பார்க்க வருகிறவர்களிடம் பிரியமாகவே பேசுவார்கள். நாமும் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் ஆறுமணிக் குருவி திரும்பி வந்தது. இந்த முறை டிரைபாட் வீட்டில். சாலை ஓரத்தில் உட்கார்ந்து, அது எந்த வரிசையில் சருகைக் கிளறிக்கொண்டு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது போகிற திசையில் புதரில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்துக்கு நேராக நகர்ந்து, தரையோடு படுத்து, அரிசிப் பையின் மேல் லென்ஸை வைத்து, லென்ஸ் முனையை உண்ணிச்செடி இலைக்குள்ளேயே நுழைத்துவிட்டேன். பறவை சந்துக்குள் வந்து நின்றது. முதுகுக்குப் பின்னால் ஒரு குச்சி போகிறது, வாலை ஒரு காய்ந்த கொடி மறைக்கிறது. கண்ணும் அலகும் தலையைச் சுற்றியுள்ள இடமும் சுத்தம். நான் இப்போது பார்ப்பது அதை மட்டும்தான். தலைக்குப் பின்னால் கோடு போகக்கூடாது, கண்ணுக்கு முன்னால் எதுவும் வரக்கூடாது. மற்ற குச்சியெல்லாம் அது வாழ்கிற வீடு, இருந்துவிட்டுப் போகட்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கையில் இருக்கிற லென்ஸோடு ஒரு வருடம் கண்மாய்க்கரையில் நடங்கள். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு பைனாகுலரும், தரையில் படுக்க ஒரு தார்ப்பாய்த் துண்டும் வாங்குங்கள். அப்புறம் மோனோபாட். பெரிய லென்ஸ் கடைசியில், அதுவும் ஒரு ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு. வளையலை இந்தப் பங்குனியில் மீட்டுவிட்டேன், வட்டி மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம். டிரைபாட் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், நீர்ப்பறவைக்கு நன்றாக இருக்கும்.